ஸ்டெல்லா மிஸ்ஸின் விசிலும் மூடாத கூரையும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலே வார்த்தைதான் என்றால் 'கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்' என்று எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் சேர்ந்த முதல் வருஷத்தில் எந்த மெக்கானிக்கும் அதைக் கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். நானே கேட்டதில்லை. இருபது வருஷத்துக்கும் மேல் ஸ்பேனர் பிடித்த பிறகு, ஒரு கல்யாணப் பெண் விசில் ஊதித்தான் அது எனக்கு உறைத்தது. ஆகவே அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

நான் கார் எலக்ட்ரீஷியன். ஜோகுபாளையத்தில் எங்கள் ஷெட். ஒயரிங், மோட்டார், விளக்கு எல்லாம் என் பொறுப்பு. ஒடுக்கு எடுப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் என் கூட்டாளி பஷீர் பாய். இப்போது நீங்கள் லேப்டாப்பைச் சொருகினால் வண்டியே தன் நோயைச் சொல்லிவிடுகிறது. அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஒரு டெஸ்ட் லாம்ப், இரண்டு காதுகள், அப்புறம் தேவைக்கு அதிகமான தன்னம்பிக்கை. மூன்றாவதுதான் எனக்கு நிறைய இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஸ்டெல்லா மிஸ் பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வயது நாற்பத்தாறு. கழுத்தில் எப்போதும் ஒரு விசிலும், இன்னொரு கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் தொங்கும். அவருடைய அப்பா ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மேனேஜருக்கு டிரைவராக இருந்தவர். அந்த மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது, தான் வைத்திருந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை டிரைவரிடமே விட்டுவிட்டுப் போனார். தாழ்வான உடம்பு, நீள மூக்கு, பொத்தானை அமுக்கினால் நடுத் தகடு பின்னால் நகர்ந்து திறக்கிற கூரை. 'இந்தக் கார்லதாண்டி உன்னை சர்ச்சுக்கு கூட்டிட்டுப் போவேன்' என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாராம். மகளுக்குக் கல்யாணம் அமையவில்லை, அப்பா போய்ச் சேர்ந்தார், கார் தார்ப்பாய்க்குள் தூங்கியது.

நான் சொல்லும் நாளுக்கு மூன்று வருஷம் முன்னால் மிஸ் அதை எங்கள் ஷெட்டுக்கு இழுத்து வந்தார். எலி தின்ற ஒயரைப் பூராவும் நான் மாற்றினேன். துருவெல்லாம் சுரண்டி பஷீர் பாய் உடம்பு செய்தார். தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. அப்புறம் ஒருநாள் மிஸ் வந்து, தனக்குக் கல்யாணம் என்றார். தேதி குறித்தாயிற்று, சர்ச்சிலும் சொல்லியாயிற்று, மாப்பிள்ளைக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. 'அப்பா ஓட்டலைன்னா என்ன, நானே ஓட்டிட்டுப் போறேன். இந்தக் கார்லதான் சர்ச் வாசல்ல இறங்குவேன்' என்றார். இந்த வயதில் கல்யாணமா என்று சிரித்தவர்களும், இந்த வயதில் இந்தக் காரா என்று சிரித்தவர்களும் அன்றைக்கு அந்த வாசலில் நிற்பார்கள். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊர் ஷெட்களில் அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பேனருக்கெல்லாம் சந்தனம், வண்டிக்கு வாழைக்கன்று, டயருக்கு எலுமிச்சம்பழம், வருகிறவர்களுக்குப் பொரியும் கடலையும். மிஸ்ஸின் காருக்கு அப்போதுதான் சிவப்புப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தோம். அதன் மேல் கம்பி கட்டினால் கீறும், டேப் ஒட்டினால் உரியும். மாலை போடாமல் விடவும் மனசு வரவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கூரையைக் கொஞ்சம் திறந்து, சாமந்தி மாலையைக் குறுக்கே போட்டு, அதன் இரண்டு முனையையும் இரண்டு ஓரத்தில் செருகி, பொத்தானை அமுக்கி மூடிவிட்டேன். மாலை அசையாமல் நின்றது. 'சக்கத் ஐடியா குரு!' என்று பக்கத்து டீக்கடைக்காரர் கூடக் கன்னடத்தில் பாராட்டினார். மறுநாள் கூரையைச் சாண் அளவு திறந்து மாலையை உருவினேன். இடது பக்கம் பட்டென்று அறுந்து வந்தது. பூவைக் குப்பையில் போட்டுவிட்டு, கூரையை மூடிவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். அந்தப் பத்து நாளும் மழை. கார் ஷெட்டுக்குள் நனையாமலே நின்றது, கூரையைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

கல்யாணம் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. காலை ஒன்பதுக்கு மிஸ் டிராக் சூட்டில் வந்து நின்றார், தலையில் சுருள் சுருளாக என்னவோ மாட்டிக்கொண்டு. வெளியே எடுத்து நிறுத்தியிருந்த காரின் சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அதுதான் இல்லை. 'மிஸ், ஒரு நிமிஷம், பாருங்க' என்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் பலகாரம் காட்டுகிற மாதிரி பொத்தானை அமுக்கினேன். கூரை வழுக்கிக்கொண்டு பின்னால் போய் முழுசாகத் திறந்தது. மிஸ் கைதட்டினார். மூடுவதற்கு அமுக்கினேன். பாதி வழி வந்தது, இடது பக்கம் கிர்ரென்றது, நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினேன். மோட்டார் முனகியது, தகடு கோணலாக நின்றதே தவிர நகரவில்லை. தலைக்கு மேலே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வானம் தெரிந்தது.

"என்ன முருகேஷ், டீ குடிக்கப் போயிடுச்சா?" என்றார் மிஸ், இன்னும் சிரித்தபடி.

"பத்து நிமிஷம் மிஸ். சின்ன ஒயரிங் பிராப்ளம்" என்றேன்.

பிள்ளைகளா, இதைக் கவனியுங்கள். ஒன்றுமே பார்க்காமல் நான் ஒயரிங் என்று சொன்னேன். ஏன்? எனக்குத் தெரிந்தது ஒயரிங். பஷீர் பாயைக் கேட்டிருந்தால் தகடு வளைந்திருக்கிறது என்றிருப்பார். பியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பொத்தானைக் கழற்றித் துடைத்தேன். ரிலேயை மாற்றினேன். மோட்டாருக்கு நேராக பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் குதிரை மாதிரி இருந்தது, கூரை மட்டும் எருமை மாதிரி நின்றது. பத்து நிமிஷம் மூன்றரை மணி நேரமானது. அதற்குள் அல்சூர் ஏரிப் பக்கம் வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

பஷீர் பாய் ஒரு நீளக் கைப்பிடி அலன் சாவியோடு வந்தார். உள்கூரையில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு துளை இருக்கும், அதில் சாவியைச் செருகிக் கையாலேயே சுற்றி மூடலாம். "நீ தள்ளு முருகேஷ், நான் ஒரே அழுத்து அழுத்தறேன். வராம எங்க போயிடும்?" என்றார். அவருடைய கை எப்படிப்பட்டது என்றால், ஒடுக்கு விழுந்த கதவை முட்டியாலேயே வெளியே தட்டுவார். எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் அந்தக் கூரையை இழுப்பது பல் வைத்த இரண்டு கேபிள்கள். ஒன்று சிக்கியிருக்கும்போது இன்னொன்றை முறுக்கினால் பல் மழுங்கிவிடும், அப்புறம் அந்தக் கூரை மூடவே மூடாது. இந்தியாவில் அதற்குப் பாகம் கிடையாது. கப்பலில் வரவேண்டும், அதுவும் யாராவது இன்னும் செய்துகொண்டிருந்தால்.

"வேண்டாம் பாய்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் புத்திசாலித்தனமான வார்த்தை அது.

"அப்ப மிஸ்ஸுக்கு ஒரு அம்பாஸடர் சொல்லிடலாமா?" என்று பஷீர் பாய் மெதுவாகத்தான் கேட்டார். மிஸ்ஸின் காதில் விழுந்துவிட்டது.

"அம்பாஸடர்ல நான் போனா சர்ச்சுல இருக்கற எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷமா இருக்கும் பாய்" என்றார். அவர் குரல் அப்போதுதான் முதல்தடவையாக இறங்கியது. "எங்கப்பா மட்டும்தான் இது நடக்கும்னு நம்பினாரு. தார்ப்பாய் மூடி எடுத்துட்டுப் போறதுக்கா மூணு வருஷம் பாடுபட்டோம்?"

மிஸ் சட்டென்று நிமிர்ந்து, விசிலைக் கையில் எடுத்துச் சுழற்றிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"முருகேஷ், கிரவுண்டுல ஒரு பையன் நொண்டிக்கிட்டு வந்தா, எங்க வலிக்குதுன்னு நான் கேக்கமாட்டேன். அவன் அழுதுக்கிட்டே எங்கயாச்சும் காட்டுவான். நேத்து என்னடா பண்ணேன்னுதான் கேப்பேன். மாடியில இருந்து குதிச்சேன்னு அப்பதான் உண்மை வரும். இந்தக் கூரையை கடைசியா யாரு, என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல மிஸ்" என்றேன். என் வாய் அப்படிச் சொல்லி முடிப்பதற்குள் சாமந்தி மாலை கண் முன்னால் வந்துவிட்டது. இடது பக்கம் பட்டென்று அறுந்ததும் வந்தது.

குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன். அழுக்கே இல்லாத கையை இரண்டு நிமிஷம் கழுவினேன். சொல்லாமலே சமாளிக்க முடியுமா என்று கணக்குப் போட்டேன். முடியாது என்பது சீக்கிரமே தெரிந்தது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டுமென்றால், மறுபடி போய் அந்த ரிலேயையே நோண்டிக்கொண்டிருக்க வேண்டும். இடது ஓரத்தில் டார்ச் அடித்தால் ஏன் அங்கே பார்க்கிறாய் என்று கேட்பார்கள். ரிலேயை நோண்டினால் நாலு மணிக்கு மழை நனைக்கப் போவது என்னை அல்ல. வெட்கம் என் ஒருவனோடு போகும், கல்யாணம் போனால் திரும்பி வராது. ஈரக் கையோடு திரும்பி வந்தேன்.

"மிஸ், பூஜைக்கு மாலையை கூரையில செருகி மூடினது நான்தான். உருவும்போது அறுந்துச்சு. மீதி உள்ளேயே இருக்குன்னு நினைக்கிறேன்."

மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது. எனக்கு அரை டிராயர் போட்ட மாதிரி இருந்தது. "டார்ச்சை எடு" என்றார், அவ்வளவுதான்.

கூரை வழுக்கி ஓடுகிற இடது பக்கத் தண்டவாளத்துக்குள் டார்ச் அடித்தோம். தகட்டைத் தாங்குகிற காலுக்கு அடியில், பழுப்பாக, இரும்புக் கம்பி மாதிரி ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. வாழைநார். பத்து நாளில் காய்ந்து, காலையில் நான் கூரையைத் திறந்து காட்டிய பெருமையில் முழுசாகப் பின்னால் உருண்டு, அந்தக் காலைச் சுற்றி இறுகிவிட்டது. சந்தோஷத்தில் பிளையரால் கவ்வி இழுத்தேன். நுனி மட்டும் முறிந்து கையோடு வந்தது. இன்னொரு இழுப்புக்குப் பிடிப்பதற்கே ஒன்றும் மிச்சமில்லை. லைட்டரால் எரித்துவிடலாமா என்றார் பஷீர் பாய். புதுப் பெயிண்டுக்குப் பக்கத்திலா என்று நான் கேட்டதும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் பூங்காவனம் அக்கா கூடையோடு உள்ளே வந்தார். எங்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து பூக் கட்டுகிறவர். மிஸ்ஸின் தலைக்கு மல்லிகையும், சர்ச்சில் தூவ உதிர்த்த ரோஜாவும் அவரிடம்தான் சொல்லியிருந்தது. அந்த சாமந்தி மாலையும் அவர் கட்டியதுதான். என் கையில் இருந்த துண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாய்யா முர்கேசு, இது என் நாரு ஆச்சே. உன் கையில இன்னா பண்ணுது?"

சொன்னேன். அன்றைக்கு இரண்டாவது தடவை அதே குற்றத்தை ஒப்புக்கொண்டேன், கொஞ்சம் பழகிவிட்டது. அக்கா காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"காஞ்ச நாரைப் போய் எவனாச்சும் இழுப்பானா? காஞ்சா அது கத்தி. நான் காலையில இருந்து ஈர சாக்குல சுத்தி வெச்சிருக்கேனே, எதுக்கு, அழகுக்கா? தண்ணி காட்டுய்யா. ஊறட்டும். ஊறினா நீ சொன்ன பேச்சு கேக்கும்."

தண்ணி! மின்சார வேலைக்காரனிடம் போய் வண்டிக்குள் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். வாழ்நாள் பூராவும் ஒயர் பக்கம் ஒரு சொட்டு ஈரம் வராமல் காத்தவன் நான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கூரைக்குச் சுற்றிலும் ஒரு சின்ன ஓடை உண்டு, மழைத் தண்ணீர் விழுந்தால் குழாய் வழியாகக் கீழே ஓட. தண்ணீரைத் தாங்குவதற்கென்றே செய்த இடம். மோட்டார் அதற்குள் இல்லை. பயம் எனக்குத்தான் இருந்தது, காருக்கு இல்லை. பேட்டரியைக் கழற்றினேன். இருக்கைகளைத் துணியால் மூடினேன். டீ கிளாஸில் தண்ணீர் எடுத்து, பஞ்சை நனைத்து, நார் இருந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். சொட்டுச் சொட்டாக விட்டேன்.

"எவ்வளவு நேரம் அக்கா?"

"இருவது நிமிசம். நடுவுல தொட்ட, நடு நாரு பிஞ்சி போயிரும். அப்பால என்னைக் கேக்காத."

மணி ஒன்று. ஏரிப் பக்கம் இடி உருண்டது. தம்பி தங்கைகளே, வேலை செய்வது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. கல்யாணப் பெண் பக்கத்தில் நிற்க, மழை வந்துகொண்டிருக்க, கையில் எல்லா ஸ்பேனரும் இருக்க, ஒன்றுமே செய்யாமல் இருபது நிமிஷம் நிற்பது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். ஆறாவது நிமிஷம் என் விரல் தானாகக் கூரைப் பக்கம் போனது.

பீ...ப்! காதே போயிற்று.

"கை!" என்றார் மிஸ். ஸ்டாப்வாட்ச்சைத் தட்டி ஓடவிட்டிருந்தார். "முருகேஷ், ஃபவுல். தள்ளி நில்லு."

பதினொன்றாவது நிமிஷம் பஷீர் பாய்க்கு விசில். பதினாலில் மறுபடி எனக்கு. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தலையில் சுருளும் கழுத்தில் விசிலுமாக ஒரு மணப்பெண், இரண்டு தடியன்களைச் சுவரோரமாக நிற்க வைத்திருக்கிறார். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மிஸ் சிரித்தார், பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காலையிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் அந்தச் சிரிப்பில்தான் இறங்கியது.

இருபதாவது நிமிஷம் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். என் பிளையரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் உள்ளே போயின. இழுக்கவே இல்லை. முதலில் உள்பக்கமாகத் தள்ளினார், முடிச்சு தளர்ந்தது, அப்புறம் பூக் கட்டுகிற அதே வேகத்தில் எதிர்ப்பக்கமாகச் சுற்றி எடுத்தார். முழங்கை நீளம் வந்தது, முனையில் கருகிய சாமந்தி ஒன்றோடு. "என் முடிச்சு பாரு, இன்னும் அவுறல" என்று என்னிடம் காட்டினார்.

நான் அலன் சாவியைச் செருகி இரண்டே விரலால் அரைச் சுற்று பின்னால் விட்டேன், தகடு நேரானது. முன்னால் சுற்றினேன். ஓசையே இல்லாமல் வந்து மூடிக்கொண்டது. பேட்டரியை மாட்டிவிட்டு மிஸ்ஸைப் பொத்தானை அமுக்கச் சொன்னேன். திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மூடியது. அவர் ஏழு தடவை செய்து பார்த்தார், நாங்கள் ஏழு தடவையும் கைதட்டினோம். அவர் சாவியைத் திருப்பிக் கிளம்புவதற்கும் முதல் சொட்டு கூரையில் டப்பென்று விழுவதற்கும் சரியாக இருந்தது.

சர்ச்சுக்கு நான் என் ஸ்கூட்டரில் போனேன், பின்னால் பூக்கூடையோடு அக்கா, இரண்டு பேர் மேலேயும் ஒரே பிளாஸ்டிக் தாள். கொட்டுகிற மழையில் அந்தச் சிவப்புக் கார் வந்து வாசலில் நின்றது. வெள்ளைப் புடவையில், தலையில் வலையோடு, ஒரு சொட்டு நனையாமல் ஸ்டெல்லா மிஸ் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார். சிரிக்க வந்தவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். மழையில் நனைந்ததால் என்று பாயிடம் சொன்னேன்.

கல்யாணம் முடிந்து வெளியே வந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து மிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பொத்தானை அமுக்கினார். மெதுவாகக் கூரை திறந்தது. இரண்டு பக்கமும் ஜனம், எல்லார் கையிலும் அக்காவின் ரோஜா இதழ். திறந்த கூரையைப் பார்த்ததும் அத்தனை கையும் ஒன்றாக மேலே போயின.

பீ...ப்!

அந்த விசிலை அவர் பூச்செண்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. கூரை வழியாக எழுந்து நின்றார், வலை காற்றில் பறக்க. "ஒரு பூ இதுக்குள்ள விழக்கூடாது!" என்றார். சர்ச் வாசலே உறைந்து நின்றது. அப்புறம் கையை நீட்டி நேராக என்னைக் காட்டினார். "எல்லாம் அவர் தலையில போடுங்க!"

போட்டார்கள். முதல் கை பூங்காவனம் அக்காவுடையது. ராத்திரி சட்டையைக் கழற்றும்போது காலருக்குள்ளிருந்து, பையிலிருந்து, காதுக்குப் பின்னாலிருந்தெல்லாம் இதழ் உதிர்ந்தது. என் மனைவி என்ன இது என்று கேட்டாள். நான் மாலையைக் கூரையில் செருகியதிலிருந்து ஆரம்பித்தேன். அன்றைக்கு மூன்றாவது தடவை. இந்தத் தடவை கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னேன்.